திரும்பி வராத வெள்ளைக் கேன்

சௌந்தரபாண்டியன் மாமா இருபது வருடத்துக்கும் மேல் ராணுவத்தில் இருந்தவர். அதில் பெரும்பகுதி ஸ்டோரில் கழிந்தது. சண்டைக் கதை கேட்கலாம் என்று வந்து உட்காருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் சொல்வதெல்லாம் காலித் தோட்டாக்கூடுகளின் கதை.

சுடும் பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் சிதறிக்கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் முழங்கால் போட்டுப் புல்லை விலக்கித் தேடுவார்கள். மழை பெய்தாலும் விடமாட்டார்கள். கூடு நசுங்கியோ கீறியோ வந்தால் அதற்குத் தனி விசாரணை உண்டு. உள்ளே இருந்தது வெடித்துப் போனபின் வெறும் கூட்டுக்காக ஏன் இந்தப் பாடு என்று என் அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "வெடிச்சது அவன் பொறுப்புக்கா. கூடு என் பொறுப்பு" என்றார். அம்மாவின் கடைசித் தம்பி அவர்.

ஓய்வு பெற்று மகாராஜபுரத்துக்கு வந்து தென்னையும் நெல்லும் பார்க்கத் தொடங்கிய பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை. சிமெண்டுச் சாக்கைக்கூட உதறி மடித்து அடுக்கி வைப்பார். அவர் மனைவி கருத்தம்மா அத்தை, "ஸ்டோரை மெலட்ரிலயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்பாள்.

ஒரே மகள் யுவராணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் விமலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். விமல் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் சூப்பர்வைசர். தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா வெங்கடேஸ்வரி வைத்ததுதான் வீட்டில் சட்டம் என்றாலும் கெட்ட மனுஷி இல்லை. யுவராணிக்கு முதலில் உண்டானது மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் பொங்கல் விழாவுக்கு மகாராஜபுரம் வந்து போயிருந்தாள். வெங்கடேஸ்வரி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்த அவள் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, நடுவீட்டில் வைத்து, எல்லார் காதிலும் விழ, "ஆத்தா வீட்டுல என்னத்தைத் தின்னுச்சோ" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கருத்தம்மா அத்தை மகள் வீட்டுக்கு ஒரு முறுக்குகூட அனுப்பவில்லை. போனால் கடையில் வாங்கிய பழத்தோடு போவாள், வருவாள். இப்படியே இரண்டு வருடம் போனது. யுவராணிக்கு மறுபடியும் உண்டானதைக்கூட ஒருத்தருக்கொருத்தர் கிசுகிசுப்பாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். எனக்கே நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். நான் மஸ்கட்டில் இருந்து வாரம் தவறாமல் பேசுகிறவன்.

இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், அந்த ஐப்பசியில் பெலிக்ஸ் என்று ஒரு பையன் ஊருக்கு வந்தான். காலி பூச்சிமருந்து டப்பாக்களைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். சொசைட்டி கட்டடத்தில் கூட்டம் போட்டான். மருந்து டப்பாவை வாய்க்காலில் வீசாதீர்கள், எரிக்காதீர்கள், பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். காலியானதும் கால்வாசி தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டாங்கியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. அப்புறம் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓர் இடத்தில் சேர்த்து வைத்தால் மாதம் ஒருமுறை லாரி வந்து எடுத்துக்கொள்ளும்.

ஓட்டை எதற்கு என்று யாரோ கேட்டார்கள். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்கு கொஞ்சம் மருந்தைக் குடித்து வைத்திருக்கும், வேறு எதையும் ஊற்றி வைத்தால் அது கசியும், ஓட்டை போட்டுவிட்டால் யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகமாட்டார்கள் என்று பெலிக்ஸ் சொன்னான்.

மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தபோது மாமா மட்டும் அவனிடம் போய், தன் பம்ப்செட் அறையைத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு ஒப்புதல் இல்லை.

"ஓட்டை போட்டா அது சேதாரம் தம்பி. நான் முழுசா ஒப்படைக்கேன். ஒரு கீறல் இருக்காது."

"யாரும் எடுத்துட்டுப் போயிடுவாங்க சார்."

"என் காவல்ல இருக்கிறதை எவன் எடுப்பான்?"

பெலிக்ஸ் சிரித்துக்கொண்டே சரி என்றான். இப்படி ஓர் ஆள் கிடைத்ததே அவனுக்குப் பெரிய விஷயம்.

ஊரில் முதலில் கேலிதான். ராணுவத்தார் இப்போது மருந்து டப்பாவுக்குப் பாரா கொடுக்கிறார் என்றார்கள். ஆனால் கார்த்திகைக்குள் ஆளாளுக்குக் கொண்டுவந்து போடத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் கிடந்தது, மோட்டார் ரூம் கூரையில் செருகியது, வரப்பில் புதைந்தது என்று கையளவு பாட்டிலில் இருந்து இருபது லிட்டர் கேன் வரை வந்தன. சரியாகக் கழுவாமல் வந்தவற்றை மாமா கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி கழுவினார். லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார். பசைத் தடத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். லேபிளை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதுவும் சுத்தத்தில் சேர்ந்தது என்று அவராக நினைத்துக்கொண்டார். வெயிலில் கவிழ்த்து வைத்தால் கேன்கள் பால் போல் வெளுத்துக் கிடக்கும். வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கும் வீடியோவில் காட்டினார். "பாரு, இதுல சோறு போட்டுத் திங்கலாம்" என்றார். சும்மா பெருமைக்குச் சொன்னது. பக்கத்தில் நின்ற அத்தையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

லாரி வரவில்லை. மார்கழி கழித்து வரும் என்றார்கள். மார்கழி கழிந்தது. பெலிக்ஸ் போனை எடுப்பான், வருந்துவான், மேலே பேசியிருக்கிறேன் என்பான். பம்ப்செட் அறை நிரம்பி, கேன்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. அவற்றுக்கிடையில் ஒரு சாரைப் பாம்பு குடியேறியது. அத்தை முற்றத்தில் வடகம் காயப்போட இடமில்லை என்று தினமும் ஒரு பாட்டம் பேசினாள்.

தை பிறந்ததும் யாரும் எதிர்பாராமல் வெங்கடேஸ்வரியே கருத்தம்மா அத்தைக்குப் போன் செய்தாள். ஐந்தாம் மாதம் ஆகிறது, கட்டுச்சோறு கொண்டு வரமாட்டீர்களா, பிள்ளை அம்மா கைச்சோறு கேட்கிறாள், பழசை மனதில் வைக்காதீர்கள் என்றாள். அத்தை போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாளாம். மறுநாளே தேங்காய்ப் பருப்பைச் செக்குக்கு அனுப்பி எண்ணெய் ஆட்டினாள். ஐந்து வகைச் சோறு கிண்டினாள். அதிரசம் சுட்டாள். மாமா அன்று வயலில் அறுவடை மிஷினுக்குக் காத்து நின்றதால் போகவில்லை. அத்தை அவள் தம்பியோடு ஆட்டோவில் போய், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மகளுக்குப் பூ வைத்துவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து மாமா பெலிக்ஸை நேரிலேயே பிடித்துவிடுவது என்று இராஜபாளையம் போனார். அவன் ஆபீஸ் பூட்டியிருந்தது. வெயிலில் நின்றுவிட்டு மாலையில் திரும்பி வந்தால், முற்றம் வெறிச்சென்று இருந்தது. கூட்டித் தண்ணீர் தெளித்து, ஓரமாக வடகம்கூடக் காய்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "லாரி வந்துட்டுப் போயிருச்சா?" என்று கேட்டார்.

"லாரியும் வரல, தேரும் வரல. நாந்தான் குடுத்தேன்" என்றாள் அத்தை.

"யாருக்கு?"

"கேட்டவுகளுக்கு. குழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்க வருது. பொம்பளைக குடத்துக்கு அலையுதாளுக. எம்புட்டு நாளைக்கு இதைப் பூட்டி வச்சுப் பூசை பண்ணுவீங்க? நீங்கதான சோறு போட்டுத் திங்கலாம்னீங்க."

மாமா வந்த வழியே திரும்பித் தெருவுக்கு இறங்கினார். பெரிய கேன்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. யாருக்கும் ஆகாத பாட்டில்கள் மட்டும் பம்ப்செட் அறையில் மிச்சம்.

வீடு வீடாகப் போனார். அடுத்த தெரு ஆண்டிச்சாமி, அவரும் தென்னைக்காரர்தான், கேனைத் தர மறுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். "கழுவுனது நீரு. கையுறை போட்டுக் கழுவுனீரு. நீரு கழுவுன பொறவும் அது சுத்தம் இல்லைன்னா, பொறவு எதுக்குவே கழுவுனீரு?" மாமா கேனை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

நூறு நாள் வேலைக்குப் போகும் மாரிசெல்வி ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டாள்; ஐந்து லிட்டர் கேனில் மோர் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மாமா விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா இதுல மோர் குடிக்கோம். அம்புட்டுப் பொம்பளைகளும். ஒருத்திக்குத் தலைவலிகூட இல்ல. நீங்க வந்து சொன்ன பொறவுதான் மாமா எனக்கு வயித்தைக் கலக்குது."

சிலர் தந்தார்கள். சிலர் தந்ததாகச் சொல்லி வேறு பழைய கேனைத் தந்தார்கள். தேய்த்த பளபளப்பை வைத்தே தன் கேனை அவருக்குத் தெரியும். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே கதவுக்குப் பின்னால் ஏதோ நகரும் சத்தம் கேட்டதாம். ஆனாலும் விடாமல் போனார். காலையும் மாலையும் அதே கேள்வி. தொல்லை தாங்காமல் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். பம்ப்செட் பக்கத்தில் தீ மூட்டி, கம்பியைக் காய்ச்சி, ஒவ்வொரு கேனின் அடியிலும் இறக்கினார். அந்த நாற்றத்தைவிட, முழுசான பொருளைத் தன் கையால் கெடுப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னார்.

கடைசியில் ஒன்று மட்டும் வரவில்லை. இருபது லிட்டர் கேன். ஆண்டிச்சாமி தோப்பில் களைக்கொல்லி வந்த கேன் அது, இருந்ததிலேயே புதிது. அத்தையிடம் கேட்டார்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அது வராது" என்றாள்.

"யாரு வச்சிருக்கா?"

"யுவராணி வீட்டுல இருக்கு. கட்டுச்சோறு கொண்டு போனன்னைக்கு எண்ணெய் ஊத்திக் கொண்டு போனேன்."

அத்தை இத்தனை நாள் அவர் தெருத்தெருவாக அலைவதைப் பார்த்துக்கொண்டு, சொல்லத் தெரியாமல் உள்ளே வைத்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சுன்னுதான எடுத்தேன்" என்றாள் பிறகு. "இருந்ததுலயே நல்லதாப் பாத்து எடுத்தேன்."

இரண்டு பேரும் அன்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டார்கள். எண்ணெயை அன்றே எவர்சில்வர் தூக்குகளில் மாற்றியாகிவிட்டது என்றாள் யுவராணி. மாமா மூச்சு விட்டார். கேன் எங்கே என்றார். வெங்கடேஸ்வரி சீயக்காய் போட்டுத் தேய்த்து அதில் குடிதண்ணீர் பிடித்து வைக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தண்ணீர் பல நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. இறுக்கமான மூடி, கொசு போகாது. முனிசிபாலிட்டியில் இருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண்கள், எல்லா வீட்டிலும் இப்படி வைத்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்களாம். மகள் இதைச் சிரிப்போடு சொன்னாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

சீராகப் போன பொருளைத் திருப்பிக் கேட்பது என்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். நகையைக் கேட்டாலாவது கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பிளாஸ்டிக் கேனைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம்; சொன்னால் ஆத்தா வீட்டில் இருந்து விஷக் கேனில் எண்ணெய் வந்தது என்று ஆகும். அந்த ஒன்றுவிட்ட அக்கா பஸ் பிடித்து வருவாள்.

இதை எல்லாம் மாமா போனில் சொன்னபோது நான் செய்தது ஒன்றுதான். கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். அந்த மருந்தில் என்ன இருக்கிறது, கருவுக்கு என்ன செய்யும், எத்தனை தடவை கழுவினால் எவ்வளவு மிஞ்சும். ஒரு கட்டுரை பயப்பட வேண்டாம் என்றது, இன்னொன்று பயப்படு என்றது. எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினேன். "படிச்சதை அனுப்பாத மாப்ள" என்றார். "அந்த வீட்டுல இருந்து அதை எப்படி எடுக்கதுன்னு யாராவது எழுதியிருந்தா அனுப்பு."

ஒரு வழி அவரே கண்டுபிடித்தார். இராஜபாளையத்தில், அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். புதியது வந்தால் பழையது தானாக ஒதுங்கும் என்பது கணக்கு.

வெங்கடேஸ்வரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சம்பந்தி வீட்டு ஆள் தனியாகத் தேடி வந்திருக்கிறார், அதுவும் கையில் இவ்வளவு பெரிய சாமானோடு. டிரம்மைத் தட்டிப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், பிறகு அட்டைப்பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துப் பரணில் ஏற்றச் சொன்னாள்.

"இதைப் போயி இப்பவே புழங்கவாண்ணே? பங்குனில வளைகாப்பு. சீர் வரிசைல நாலு பேரு பாக்க வைக்கணும்ல."

மாமா மென்று முழுங்கி, அப்படியென்றால் அந்த வெள்ளைக் கேனை மட்டும் எடுத்துக்கொண்டு போகட்டுமா, அடுத்த தடவை எண்ணெய் கொண்டுவர ஆகும் என்றார்.

"தாராளமா. உங்க கேனுதான. ஆனா வெறுங்கேனையா குடுத்து அனுப்புவேன்? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லண்ணே. எங்க அண்ணன் வயல்ல உளுந்து அறுக்கப் போறாக. வரட்டும், நெறைய நெறைச்சு நானே கொண்டாந்து தாரேன்."

அதற்குமேல் என்ன பேசுவது? காலியானதைக் காலியாகவே திருப்பித் தந்தால் போதும் என்று ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர் அவர். ஒரு பாத்திரம் எந்த வீட்டில் இருந்து வந்ததோ அந்த வீட்டுக்கு ஒரு பிடி அரிசியாவது போடாமல் அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். இருவர் பக்கமும் மரியாதைதான் இருந்தது.

யுவராணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எதிலிருந்து ஊற்றினாள் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டில் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. குடித்தார். முழுவதையும் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

பின்கட்டில் கைகழுவும் இடத்தில் வைத்து மகளிடம் உண்மையைச் சொன்னார். அவள் திறந்திருந்த குழாயை மூடினாள்.

"நீ அதுல குடிக்காதம்மா. பாட்டில் தண்ணி வாங்கிக்கோ."

"நான் குடிக்காட்டாலும் சோறு அதுலதானப்பா வேகுது."

"அப்ப உன் மாமியார்கிட்ட நான் சொல்லிருதேன். வாரது வரட்டும்."

"சொன்னா இந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லப்பா" என்றாள் யுவராணி. குரல் தாழ்ந்திருந்தது. "அந்தப் பிள்ளைக்கும் சேத்து அம்மா பதில் சொல்லணும்."

மறுவாரம் விமலைத் தேடிப் போனார். தறிச் சத்தத்துக்கு நடுவில் மாப்பிள்ளையை வாசலுக்கு அழைத்து, பாதி சொல்லியும் சொல்லாமலும் விளக்கினார். விமல் பொறுமையாகக் கேட்டான். நீங்கள் அவ்வளவு கழுவியிருக்கிறீர்கள், அம்மா வேறு தேய்த்திருக்கிறாள், இன்னும் என்ன மாமா இருக்கப்போகிறது என்றான். உளுந்து வந்துவிட்டால் அம்மாவே தந்துவிடுவாள், நடுவில் நான் பேசினால் மருமகள் தூண்டிவிட்டாள் என்று நினைப்பாள் என்றான். அவன் சொன்னதும் சரிதான். பேண்டேஜ் துணியில் ஒரு நூல் அழுக்காக இருந்தாலும் கட்டோடு தள்ளிவிடுவோம் என்று அவனே முன்பு பெருமையாகச் சொன்னது மாமாவுக்கு நினைவு வந்தது. ஆனால் மாப்பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது. டீ குடித்துவிட்டு வந்தார்.

அந்த வருடம் உளுந்துப் பூவில் மழை பெய்து, அறுவடை தள்ளிப் போனது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெங்கடேஸ்வரி ஆண்டாள் கோவிலுக்குப் போகும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்குப் போனார். சட்டைப் பையில் சாக்குத் தைக்கும் கோணி ஊசி இருந்தது. மகள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். கேஸ் அடுப்பில் ஊசியைச் சிவக்கக் காய்ச்சினார். கேன் முக்கால்வாசி தண்ணீரோடு மேடையில் இருந்தது. அதைப் பிடித்துச் சாய்த்தவர் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டார் என்று யுவராணி என்னிடம் சொன்னாள். "அப்பா, அத்தை வந்துருவாங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் ஊசியை இறக்கினார். அடிப்பாகத்தில், மடிப்பு ஓடும் இடமாகப் பார்த்து. நாள்பட்டு விட்டுப்போன மாதிரி தெரிய வேண்டும்.

தண்ணீர் மெல்லிசாகக் கிளம்பி மேடையில் வழிந்து தரைக்கு வந்தது. யுவராணி ஜன்னலைத் திறந்து நாற்றத்தை விசிறினாள். வயிற்றோடு குனியவேண்டாம் என்று அவளைத் தள்ளிவிட்டு மாமாவே பழைய துணியால் தரையைத் துடைத்தார்.

கோவிலில் இருந்து வந்த வெங்கடேஸ்வரி பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள். அடியில் விட்டுப்போச்சு போல என்றார் மாமா. போகிற வழியில் பழைய கடையில் போட்டுவிடுகிறேன் என்று கையையும் நீட்டினார்.

"கடைல போடுற சாமானா அது. இருக்கட்டும், வச்சிட்டுப் போங்க" என்று அவள் அதை வாங்கிப் பின்கட்டில் கவிழ்த்து வைத்தாள்.

இருந்தாலும் அது கவிழ்ந்துதானே கிடக்கிறது. அன்று என்னிடம் பேசும்போது மாமாவின் குரல் இலேசாக இருந்தது. ஒரு ஓட்டையோடு எல்லாம் முடிந்துவிட்டது மாப்ள, இதை முதல் நாளே பெலிக்ஸ் சொன்னபடி செய்திருக்கலாம் என்றார். நானும் பல நாளுக்குப் பிறகு வேறு விஷயம் பேசினேன். வளைகாப்புக்கு லீவு கிடைக்குமா என்று அவர் கேட்டார்.

நாலைந்து நாள் கழித்து யுவராணி அப்பாவுக்குப் போன் செய்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அம்மா எங்கே என்று கேட்டாள். அப்புறம், அத்தை உங்களிடம் பேசவேண்டும் என்கிறார்கள் என்று சொல்லி மாமியாரிடம் போனைக் கொடுத்தாள்.

"அண்ணே, கேனு சரியாயிருச்சு" என்றாள் வெங்கடேஸ்வரி. "விமல ஓட்டை அடைக்குற எம்-சீல் வாங்கிட்டு வரச் சொல்லி, அடியில ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பத்து அப்பி வெயில்ல காயப்போட்டேன். தண்ணி பிடிச்சு வச்சு ரெண்டு நாளாச்சு. ஒரு சொட்டு ஒழுகல."

மாமா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். அவள் தொடர்ந்தாள்.

"உங்களுக்கு மனசு சங்கடமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. அன்னைக்கு மூஞ்சிய வச்சே கண்டுக்கிட்டேன். நம்ம குடுத்த சாமான் இப்படி ஆயிருச்சேன்னு. அந்தப் பேச்செல்லாம் வந்த பொறவு உங்க வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு வந்த மொத சாமான் அது. அதைப் போயி நான் வெளிய போடுவேனா? பேரப்பிள்ளை பொறந்து, அதுக்கு வெந்நி போடுறதும் அந்தக் கேன் தண்ணிலதான். என்ன, சந்தோஷந்தான?"

கருத்தம்மா அத்தை எதிரே வந்து நின்று, என்ன என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"சந்தோஷந்தான் தாயி" என்றார் மாமா.

போன் மறுபடி யுவராணியிடம் போனது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது.

"என்னம்மா பண்ணுத?" என்றார்.

"அரிசி களைஞ்சுட்டு இருக்கேம்பா" என்றாள் அவள்.